ஒரே ஒரு வெடி: அண்ணன் வாங்கிய முதல் துப்பாக்கி

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வருகிறேன். புலனத்தில் அண்ணியின் அழைப்பு. இங்கே நள்ளிரவு, அவர் இருக்கும் பென்சில்வேனியாவில் நண்பகல்.

"தம்பி, உங்க அண்ணன் துப்பாக்கி வாங்கப் போறாராம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அண்ணன் என் பெரியப்பா மகன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே சிறைக்குப் போகக்கூடிய நாடு நம்முடையது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அண்ணியின் பயம் எனக்குப் புரிந்தது.

ஆனால் அண்ணன் வாங்க நினைத்தது சினிமாவில் பார்க்கும் துப்பாக்கி அல்ல. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கோலால் அழுத்திக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி. தமிழ்நாட்டில் 'நாட்டுத் துப்பாக்கி' என்பார்களே, ஏறக்குறைய அந்த இனம். ஒருமுறை கெட்டித்தால் ஒரே ஒரு வெடிதான்.

அவர் வாழும் ஊரில் மான்கள் ஏராளம். தோட்டத்துச் செடிகளை மேயும், சாலையில் கார்களில் மோதும். மாநில அரசே உரிமம் கொடுத்து, காலம் குறித்து வேட்டையை அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆண்டுதோறும் மான் இறைச்சி கொடுப்பார். அண்ணி பிரட்டல் செய்வார். "நானும் ஒருமுறை வரட்டுமா?" என்று அண்ணன் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

பருவம் முதலில்

"எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று அண்ணன் கேட்டதற்குப் பெரியவர் திருப்பிக் கேட்டது, "எந்தப் பருவத்துக்கு?"

பென்சில்வேனியாவில் கொம்பில்லாத மான்களுக்கென அக்டோபரில் ஒரு வாரம் உண்டு. அப்போது வாய்வழி கெட்டிக்கும் புதுவகைத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தலாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும் பருவம் வேறு. 1974இல் தொடங்கிய அந்தப் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. தொலைநோக்கி பொருத்தக் கூடாது. கொலராடோ மாநிலத்திலோ இந்தத் துப்பாக்கிகளுக்கான பருவத்தில் தொலைநோக்கியும் கூடாது, வில்லையாக வரும் மருந்தும் கூடாது. விதிப்புத்தகத்தைப் படிக்காமல் கடைக்குப் போனால், வாங்கிய துப்பாக்கி அலமாரியிலேயே தூங்கும்.

மூன்று வகை

சிக்கிமுக்கி வகையில், விசையை அழுத்தினால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பக்கவாட்டுக் கிண்ணத்திலுள்ள மருந்து பற்றி, சிறு துளை வழியாக உள்ளே நெருப்பு போகும். அழுத்துவதற்கும் வெடிப்பதற்கும் நடுவே நொடிப்பொழுது இடைவெளி உண்டு. அதற்குள் கை அசைந்தால் குறி தவறும். கிண்ணத்து மருந்தில் ஈரம் பட்டால் வெடிக்கவே வெடிக்காது.

இரண்டாவது, கேப்பு வகை. 19ஆம் நூற்றாண்டில் பரவியது. தீபாவளிக் கேப்புப் போல ஒரு சிறு செப்புத் தொப்பியைக் குதிரை அடித்துப் பற்றவைக்கும். ஈரத்தை ஓரளவு தாங்கும்.

மூன்றாவது, இன்லைன். பற்றவைக்கும் பகுதி குழாய்க்கு நேர்பின்னே இருக்கும். 1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்.கே.-85 இதைப் பரவலாக்கியது. பழகுவதும் துடைப்பதும் எளிது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் புதியவருக்கு இதுவே சுலபம்.

எந்த வகையானாலும் மானுக்கு அரை அங்குலக் குழாய், அதாவது .50 அளவு, பரவலான தேர்வு. குழாயின் உள்ளே ஓடும் திருகு வரியையும் கேட்டு வாங்க வேண்டும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போன்ற மெதுவான திருகு பொருந்தும். இன்றைய நீளக் குண்டுகளுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மாற்றிப் போட்டால் குறி சிதறும்.

தோளில் வைத்துப் பார்

அண்ணனுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் நேரம். ஆகவே சிக்கிமுக்கி வகை என்று முடிவானது. கடையில் அழகான ஒன்றை எடுத்து இடது தோளில் வைத்தார். பெரியவர் தடுத்துவிட்டார். அண்ணன் இடக்கையர். வழக்கமான துப்பாக்கியில் மருந்துக் கிண்ணம் வலப்பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்தால் பொறி முகத்துக்கு அருகே பறக்கும். இடக்கையருக்கென்றே செய்யப்பட்டது வரக் காத்திருந்து வாங்கினார். அழகைவிட, கட்டை தோளில் ஒட்டுகிறதா, கண் தானாகக் குறியில் விழுகிறதா என்பதுதான் முக்கியம். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் அதே நாளில் வாங்கினார்.

வாங்குவது எளிது, அதனால்தான் கவனம்

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகையைப் பெரும்பாலும் 'பழம்பொருள்' கணக்கில் வைக்கிறது. மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால், பின்னணிச் சோதனை இல்லாமலேயே வாங்கலாம். அண்ணியின் கவலையில் அர்த்தம் இருந்தது. வாங்குபவரைத் தடுக்க யாருமில்லை என்றால், வாங்குபவர்தான் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்த பிறகே அண்ணன் அதைக் கையில் எடுத்தார். பெரியவர் அவரைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்த விதிகள் இவை: கருமருந்தும் அதற்கென விற்கும் மாற்று மருந்தும் மட்டுமே போட வேண்டும், நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் குழாய் வெடித்துவிடும். மருந்தைக் குப்பியிலிருந்து நேரே கொட்டாமல், அளவையில் அளந்து கொட்ட வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். அதற்காகக் கோலில் ஓர் அடையாளக் கோடு. வெடிக்காவிட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது. வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே சவர்க்காரம் கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். இதற்குச் சோம்பல்படுபவர் வாங்காமல் இருப்பதே நல்லது. அண்ணன் வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், மருந்து இன்னொரு பூட்டிய பெட்டியில். சாவிகள் அண்ணியிடம்.

காகிதத் தட்டு

கடைசியாக ஒரு சோதனை. எட்டு அங்குலக் காகிதத் தட்டை நிறுத்திச் சுட வேண்டும். மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுவே நம் எல்லை. துப்பாக்கி நூறு கெஜம் சுடும் என்று விளம்பரம் சொல்லலாம். அண்ணனின் தட்டு சொன்னது ஐம்பது கெஜம்.

ஜனவரியில் ஒரு மாலை. பனியில் மூன்று மணிநேரம் காத்திருந்த பிறகு ஒரு வெள்ளைவால் மான் வந்து நின்றது. எண்பது கெஜம் இருக்கும். குதிரையைப் பின்னுக்கு இழுத்த அண்ணன், மெல்ல அதைப் பழைய நிலைக்கே இறக்கிவிட்டார். இரண்டாவது வெடிக்கு வழியில்லை. காலிலோ வயிற்றிலோ பட்டால் அந்த உயிர் இரவெல்லாம் காட்டில் துடிக்கும்.

கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். அடுத்த நாள் அண்ணி மீண்டும் அழைத்தார்.

"சுடாம வந்துட்டார் தம்பி. நேத்துதான் எனக்குப் பயம் போச்சு."

"அப்போ ராத்திரி என்ன சமையல் அண்ணி?"

"கோழிக் கறிதான்!"