சுடுநீரும் குளிர்நீரும் இடம் மாறிய குழாய்: சரிசெய்வது எப்படி?



மார்கழி வந்துவிட்டால் நம் ராயப்பன்பட்டியில் சுபுஹு நேரத் தண்ணீர் கையைக் கடிக்கும். அதனால் பல வீடுகளில் கீசர் மாட்டியிருக்கிறோம். குழாயின் இடது பக்கம் சுடுநீர், வலது பக்கம் குளிர்நீர் என்பதுதான் வழக்கம். சில வீடுகளில் இது மாறியிருக்கும். "எங்களுக்குப் பழகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். வந்த விருந்தாளிக்கும் சிறு பிள்ளைக்கும் அது எப்படித் தெரியும்?

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். ஒளு செய்யும்போது காலில் சுடுநீர் பட்டாலும் அவர்களுக்குச் சூடு உறைக்காது. 60 டிகிரி தண்ணீர் சுமார் 5 விநாடிகளில் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

வாஷ்பேசின் குழாயாக இருந்தால் நாமே சரிசெய்யலாம். பேசினுக்குக் கீழே இரண்டு ஆங்கிள் காக்குகளும், அவற்றிலிருந்து மேலே போகும் இரண்டு ஹோஸ்களும் இருக்கும். பெரும்பாலும் இந்த ஹோஸ்கள்தான் மாறியிருக்கும்.

1. கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள்.
2. இரண்டு ஆங்கிள் காக்குகளையும் மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள்.
3. கீழே ஒரு வாளி வைத்து, ஹோஸ்களை ஆங்கிள் காக் பக்கம் ஸ்பேனரால் கழற்றி, ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டுங்கள்.
4. உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் இறுக்கிய பின் ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் இறுக்கினால் போதும்.
5. காக்குகளை மெதுவாகத் திறந்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே கீசரைப் போடுங்கள்.

குளியலறைச் சுவரில் பதித்த மிக்ஸர் என்றால், பைப்பே உள்ளே மாறிப் போயிருக்கலாம். ஒரே சுவரின் இரு பக்கமும் குளியலறை கட்டும்போது இந்தத் தவறு எளிதில் நேரும்; ஒரு பக்கத்தின் இடது, மறுபக்கத்துக்கு வலது அல்லவா? ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களில் சில மாடல்களுக்கு, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை அரைச் சுற்று திருப்பி வைத்தாலே சரியாகிவிடும். இதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். அதுவரை கீசரின் சூட்டைக் குறைத்து வைத்து, சுடுநீர்ப் பக்கம் சிவப்பு டேப் ஒட்டுங்கள். புது வீடு கட்டுவோர் டைல்ஸ் ஒட்டும் முன்பே பைப்பைச் சரிபார்ப்பது நல்லது.

யாருக்காவது சுட்டுவிட்டால், அந்த இடத்தை 20 நிமிடம் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக் குழாயைத் தெருவிலுள்ள இளைஞர்கள் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். அரை மணி நேர வேலைதான். இன்ஷா அல்லாஹ், ஒரு பெரிய துன்பம் தவிரும்.