ஒரே படத்தில் எட்டு அடிகள்

கணினி விளையாட்டில் ஒரு வீரன் நடக்கிறான் என்றால், எட்டோ பத்தோ படங்கள் மளமளவென்று மாறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இவற்றைத் தனித்தனி ஃபைல்களாக வைக்காமல் ஒரே பிஎன்ஜி படத்தில் கட்டம் கட்டமாக அடுக்குவதுதான் ஸ்பிரைட் ஷீட். ஒரு பிரேம், அதாவது அதில் ஒரு படம், 32 பிக்சல் அகலம், 32 உயரம் என்றால், எட்டு பிரேமை ஒரே வரிசையில் அடுக்கிய ஷீட்டின் அளவு 256க்கு 32. கிராபிக்ஸ் சிப் படத்துக்குப் படம் தாவ நேரம் பிடிக்கும். எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் அந்த நேரம் மிச்சம்.

இதைச் செய்ய பிரவுசரே போதும். புதிதாக வரைபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிஸ்கெல். இலவசம், திறந்த மூல மென்பொருள். முந்தைய பிரேமை மங்கலாகப் பின்னால் காட்டும் 'ஆனியன் ஸ்கின்' வசதி இதில் உண்டு. கால் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் பழக முடியும். படங்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் வரையும் கருவி தேவையில்லை. ஃபிரீ டெக்ஸ்சர் பேக்கர் போன்ற அடுக்கும் கருவி போதும். ஷீட்டோடு, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஜேசன் ஃபைலையும் அது தந்துவிடும்.

பலரும் பிரஷ்களையும் வண்ணங்களையும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், கடைசியில் வெளியே வரும் ஃபைலைத்தான் பார்க்க வேண்டும். பிரேம்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால், படத்தைப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பிரேமின் நிறம் கசிந்து, வீரனின் தோளோரம் மெல்லிய கோடாகத் தெரியலாம். நடுவே ஒன்றிரண்டு பிக்சல் விட 'பேடிங்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்த, அடுக்கும் கருவிகள் சில படங்களைப் பக்கவாட்டில் திருப்பியும் வைக்கும். திருப்பியதைச் சொல்லும் ஜேசன் குறிப்பை உங்கள் கேம் என்ஜினுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வீரன் படுத்தபடியே நடப்பான். அப்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஷீட்டை அளவுக்கு மீறிப் பெரிதாக்காதீர்கள். பிஎன்ஜி ஃபைல் சில நூறு கேபிதான் இருக்கலாம். ஆனால் 2048க்கு 2048 ஷீட் நினைவகத்தில் விரியும்போது 16 எம்பி பிடிக்கும். இப்படிப் பல ஷீட்கள் சேர்ந்தால் சாதாரண போனுக்குப் பாரம்.

பிரவுசரில் சேமித்தது பிரவுசரோடு போய்விடலாம். வரலாற்றோடு தளத் தரவையும் அழித்தால் படமும் சேர்ந்து அழியும். அன்றைய வேலையை அன்றே டவுன்லோட் செய்துவிடுங்கள். எந்தக் கருவியானாலும், முதலில் இரண்டே பிரேம் வரைந்து, ஏற்றுமதி செய்து, உங்கள் என்ஜினில் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் பிரேம்களைச் சரியாக வெட்டினால் அந்தக் கருவியையே வைத்துக்கொள்ளுங்கள்.