தெலுங்கு கங்கை: இசைவும் நிதியும்

சுவர்ணமுகிப் படுகையிலுள்ள திருப்பதி நகரம் குடிநீருக்குக் கல்யாணி அணையுடன் தெலுங்கு கங்கைத் திட்டத்தையும் நம்பியுள்ளது. இத்திட்டம் உருவான வரலாறு, நீர்த்திட்டங்கள் ஒப்புதலும் நிதியும் பெறும் முறையை நன்கு விளக்குகிறது.

அரசியலமைப்பின்படி நீர் வழங்கலும் பாசனமும் மாநிலப் பொறுப்புகள். ஆயினும் பல மாநிலங்களில் பாயும் ஆற்றின் நீரைப் பகிர உடன்பாடோ நடுவர் மன்றத் தீர்ப்போ வேண்டும். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவை தத்தம் கிருஷ்ணா நீரில் தலா 500 கோடி கன அடியைச் சென்னைக்கு அளிக்க இசைந்தன. 1983-இல் ஆந்திரமும் தமிழகமும் செய்த உடன்படிக்கைப்படி, வழியில் ஏற்படும் இழப்பு போக 1,200 கோடி கன அடி எல்லையில் கிடைக்கும். செலவில் தமிழகமும் பங்கேற்கும். இராயலசீமைப் பாசனமும் இத்திட்டத்தில் இணைக்கப்பட்டது.

பெருந்திட்ட அறிக்கைகளை மத்திய நீர் ஆணையம் ஆராய்கிறது. மாநில அரசு நிர்வாக ஒப்புதல் அளிக்கிறது. எனினும், ஒப்புதல் வேறு, நிதி வேறு. சட்டமன்றம் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையை ஏற்றாலன்றிப் பணம் செலவிட இயலாது. ஒதுக்கீடு குறைந்தால் பணி நீளும். பணி நீண்டால் மதிப்பீடு உயரும்.

கிருஷ்ணா நீர் தமிழக எல்லையை அடைந்தது 1996-இல்; முதல் இசைவுக்குப் பின் 20 ஆண்டுகள் கழித்து. ஆதலின் திட்டத்தை மதிப்பிடுவோர் ஒப்புதல் ஆணையோடு நில்லாது, ஆண்டு ஒதுக்கீட்டையும் நோக்குதல் வேண்டும்.