டீன் ஏஜ் பசங்க சர்ச்சுக்கு ஏன் வர்றாங்க, எதனால் தங்குறாங்க?

டியூஷன் இல்லாமல் கொஞ்சம் தூங்க முடிகிற ஒரே காலை ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் விட்டுவிட்டு 15 வயதுப் பிள்ளைகள் சர்ச்சுக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் சிலர் காலேஜ் போன பிறகும் தொடர்கிறார்கள், பலர் காணாமல் போகிறார்கள். ஏன்?

முதலில் இழுப்பது எது?

உண்மையைச் சொன்னால், பிரசங்கம் இல்லை. ஃப்ரெண்ட்ஸும் பாட்டும்தான். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் ராத்திரி வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், கொயர் பிராக்டீஸ். கீபோர்டை முதன்முதலில் சர்ச்சில்தான் தொட்டோம் என்பவர்கள் நிறையப் பேர். ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் வெளியே, பெற்றோர் கவலைப்படாமல் அனுப்பும் இடமும் அதுதான்.

தங்க வைப்பது எது?

பொறுப்பு. பெஞ்சில் சும்மா உட்காரும் பையன் ஒரு வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. கொயரில் பாடுபவன் வராவிட்டால், 'என்னடா ஆச்சு?' என்று போன் வரும். கத்தோலிக்க ஆலயத்தில் பீடச் சிறுவர், சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளி டீச்சருக்கு உதவும் அக்கா, லைவ் ஸ்ட்ரீம் பார்க்கும் தம்பி என ஒரு வேலை கையில் இருந்தால், 'நான் இல்லேன்னா நடக்காது' என்ற எண்ணம் வருகிறது.

வீடும் முக்கியம். அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையிலான 3,000-க்கும் மேற்பட்டோரிடம் பேசி, சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளின் நம்பிக்கையில் பெற்றோரின் தாக்கமே மிகப் பெரியது என்றது அது. அப்பா வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்கும், கூடவே உள்ளே வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கே விட்டுப்போகிறது?

முதல் இடம், பொதுத்தேர்வு. 'இந்த வருஷம் மட்டும் கொயர் வேண்டாம்' என்று வீட்டிலேயே நிறுத்துவார்கள். அந்த ஒரு வருஷம் அப்படியே நீண்டுவிடும்.

அடுத்தது, திடப்படுத்தல். சி.எஸ்.ஐ. சபைகளில் வகுப்புக்குப் போய், திடப்படுத்தல் பெற்று, திருவிருந்து எடுத்ததும் 'பாஸாயிட்டோம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, பதில் கிடைக்காத கேள்விகள். 'எல்லாரும் கடவுளோட பிள்ளைகள்னா, கல்லறைத் தோட்டத்துல தலித் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் தனி இடம்?' தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்றும் இருக்கும் நிலை இது. இதைக் கேட்கும் பெண்ணை 'அதெல்லாம் பேசாதே' என்று உட்கார வைத்தால், அவள் எதிர்த்துச் சண்டை போட மாட்டாள். அடுத்த வாரம் வர மாட்டாள், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் 25 வயதில் வேலைக்குப் போகிறவர் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு ஆயரைவிட நீங்கள்தான் பக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'எனக்கும் தெரியல, சேர்ந்து தேடலாம்' என்று சொல்லுங்கள். காலேஜுக்காக வேறு ஊர் போகும் தம்பிக்கு, அங்கே இருக்கும் நண்பர் ஒருவரின் நம்பரைக் கொடுத்து, அவரையே முதலில் போன் பண்ணச் சொல்லுங்கள்.