மின்சாரம் ஏறிய தந்திகள் – 14: ஐந்தாவது கம்பி

ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸை சிகாகோவில் விட்டுவிட்டு வந்தோம். 1943-ல் மிசிசிப்பியிலிருந்து போனவர், விடுதி இரைச்சலில் தன் கிடார் எடுபடவில்லை என்று மின்கிடாருக்கு மாறினார். அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை.

கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் விட்டுச்சென்ற தாக்கத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வாரம் முழுக்க அவருடைய கம்பிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன.

சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. அவருடையதில் ஒற்றைக் கம்பியாக ஐந்து. ஏன் என்பதை எனக்குக் காட்டியவர், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த மெல்லிசைக் குழுக் கலைஞர் ஒருவர். மடியில் மாண்டலின் பெட்டி.

“அண்ணே, இதுல கமகம் வருமா?”

“வரும் தம்பி. நிக்காது.”

பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை மீட்டினார். கண்டக்டர் “லால்குடி, லால்குடி” என்று இரண்டாம் முறை கூவுவதற்குள் நாதம் அடங்கிவிட்டது. “அதனாலதான் நாங்க விடாம படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கோம்” என்றார். பிறகு அதே ஜோடியை விரலால் அழுத்தி இழுத்தார். “ரெண்டும் ஒண்ணா ஏறணும். ஒண்ணு முந்துனா சுருதி பிசிறிடும், கேளுங்க.” பிசிறியது. பஸ் ஹாரன்களுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது.

ஸ்ரீனிவாஸ் இந்த இரண்டு சிக்கலையும் தீர்த்தார். ஜோடியை ஒற்றையாக்கினார், பிசிறு போயிற்று. மின் மாண்டலினை எடுத்தார். ஒரு மீட்டில் எழுந்த நாதம் இடது கை கமகத்தை முடிக்கும்வரை நின்றது. கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பியைச் சேர்த்தார். மடி வாட்டர்ஸ் மின்சாரத்திடம் கேட்டது உரத்த ஒலி. ஸ்ரீனிவாஸ் கேட்டது நீளம். ஒரு மீட்டில் பல ஸ்வரம் பேச வேண்டிய சங்கீதத்துக்கு அந்த நீளம்தான் உயிர். மின்சாரம் வந்தால் கர்நாடக இசையின் நுணுக்கம் போய்விடும் என்று இன்றும் சொல்பவர்கள் அவருடைய ஆலாபனை ஒன்றைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இந்த நீளத்தின் மீது அவருக்கு ஏன் அத்தனை பசி? அவர் குருவைப் பார்த்தால் விளங்கும். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்த பையனுக்குக் கிடைத்த ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு, கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை அப்படியே கம்பியில் கொண்டுவர வேண்டும். மாண்டலினுக்கென்று இருந்த வழக்கங்கள் எதுவும் குறுக்கே வரவில்லை. குரல் செய்ததையெல்லாம் கருவி செய்தாக வேண்டும், அவ்வளவுதான். குரல் நீளும், கம்பியும் நீள வேண்டியதாயிற்று.

1981-ல் சென்னையில் முதல் கச்சேரி. 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா, வயது பதினான்கு. மடி வாட்டர்ஸ் இறந்ததும் அதே 1983-ல்தான். இதைக் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இருவரையும் இணைக்கும் ஆள் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். சிறுவயதிலேயே மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகளில் ஊறியவர். பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். அது ‘ரிமெம்பர் சக்தி’யாக மீண்டும் எழுந்தபோது அவர் பக்கத்தில் ஸ்ரீனிவாஸ் உட்கார்ந்தார். ப்ளூஸ் கிடாரும் செம்பை பாணியும் ஒரே மேடையில் மாறி மாறிப் பேசின.

  

ஸ்ரீனிவாஸ் 2014 செப்டம்பர் 19-ல் மறைந்தார். வயது 45. அவர் தம்பி ராஜேஷ் அந்த ஐந்து கம்பியை எங்கே கொண்டுபோனார், மின்கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா வேறு எந்த வழியில் அங்கே வந்து சேர்ந்தார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)