தள்ளவா, இழுக்கவா? பொருட்களை எடைபோட மூன்று கேள்விகள்

வங்கிக் கதவில் "தள்ளு" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் இழுக்கிறீர்கள். பின்னால் நிற்பவர் சிரிக்கிறார். யார் மேல் தப்பு?

கதவின் மேல்தான். அதில் நீளமான கைப்பிடி பொருத்தியிருக்கிறார்கள். கைப்பிடியைக் கண்டால் யாரும் பிடித்து இழுக்கத்தான் செய்வார்கள். தள்ள வேண்டிய பக்கத்தில் வெறும் தகடு இருந்திருந்தால் எழுத்துக்கே வேலை இருந்திருக்காது. அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன், அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-இல் ஒரு புத்தகம் எழுதினார். இப்படிக் குழப்பும் கதவுகளை வடிவமைப்புத் துறையில் இருக்கும் நாங்கள் இன்றும் "நார்மன் கதவு" என்றுதான் சொல்கிறோம்.

என் தொழில் பயனர் அனுபவ வடிவமைப்பு (ஒன்றைப் பயன்படுத்துபவர் திணறாமல் இருக்க, அது எப்படி அமைய வேண்டும் என்று யோசிப்பது). செல்போன் செயலிகளுக்காக நாங்கள் கேட்கும் கேள்விகளை வீட்டுப் பொருட்களிடமும் கேட்கலாம். மூன்று போதும்.

பார்த்ததும் புரிகிறதா?

இரண்டு பர்னர் உள்ள கேஸ் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடது குமிழ் இடது பர்னருக்கு, வலது குமிழ் வலது பர்னருக்கு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு இடப்பொருத்தம் (இயக்கும் குமிழும் இயங்கும் பொருளும் ஒரே வரிசையில் இருப்பது) என்று பெயர்.

நான்கு பர்னர் அடுப்பில் இது குலைந்துவிடும். பர்னர்கள் சதுரமாக அமைந்திருக்கும், குமிழ்கள் ஒரே வரிசையில் நிற்கும். பின்னால் இருக்கும் பர்னருக்கு எந்தக் குமிழ் என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும்.

வீட்டு சுவிட்ச் போர்டிலும் இதே கதைதான். ஒரு ஃபேனைப் போட நான்கு சுவிட்சுகளைத் தட்டுகிறோம். புது வீட்டுக்கு வயரிங் நடக்கிறதென்றால் எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லுங்கள்: "வாசல் பக்க லைட் வாசல் பக்க சுவிட்சில் வரட்டும், ஃபேன் சுவிட்ச் அந்தந்த ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும்." அதற்குத் தனிச் செலவு இல்லை. சுவர் பூசிய பிறகு சொன்னால் உண்டு.

நடந்ததைச் சொல்கிறதா?

வாக்குச்சாவடியில் நீலப் பொத்தானை அழுத்துகிறீர்கள். வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, பீப் ஒலி கேட்கிறது. அருகிலுள்ள பெட்டியின் கண்ணாடி வழியே, உங்கள் ஓட்டு அச்சான சீட்டு 7 விநாடி தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். இதுதான் பின்னூட்டம் (நீங்கள் செய்தது பதிவானதை அந்தப் பொருளே திருப்பிச் சொல்வது).

மளிகைக் கடையில் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும் பெட்டியும் அப்படித்தான். கடைக்காரர் பொட்டலம் மடித்தபடியே பணம் வந்ததைத் தெரிந்துகொள்கிறார்.

பின்னூட்டம் இல்லையென்றால் என்ன ஆகும்? நாம் இரண்டாம் முறை அழுத்துவோம். இணையத்தில் பணம் கட்டும்போது திரை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால், மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தவறினால் காப்பாற்றுகிறதா?

மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது ஏன்? அதுதான் எர்த் முள் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவது). நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடுகிறது, பிடுங்கும்போது கடைசியாக விடுகிறது. தடிமனாக இருப்பதால் தப்பான துளையில் நுழையாது. பல சாக்கெட்டுகளில் மற்ற இரு துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறப்பதும் அந்த முள்தான். குழந்தை கம்பியை நுழைத்தாலும் ஷாக் அடிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது.

இப்போது ஒரு கெட்ட பழக்கம் புரியும். இரண்டு முள் பிளக்கைச் செருக, எர்த் முள்ளுக்கான மேல் துளையில் பேனா மூடியை விட்டு அழுத்துகிறோம். பூட்டிய கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதும் அதுவும் ஒன்று. இனிச் செய்யாதீர்கள். அந்தக் கருவிக்கேற்ற பிளக்கோ அடாப்டரோ வாங்குங்கள்.

மூடி உள்பக்கமாகப் பொருந்தும் குக்கர் இன்னொரு உதாரணம். உள்ளே ஆவி நிறைந்திருக்கும்வரை அதுவே மூடியை இறுக்கிப் பிடிக்கிறது. அவசரப்பட்டாலும் திறக்காது.

எனக்குக் கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன. இதெல்லாம் எனக்கு எதற்கு?

சென்னை மெட்ரோ நிலையத் தரையில் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடுகள் "நேராகப் போ" என்கின்றன, புள்ளிகள் "நில், கவனி" என்கின்றன. பார்வையற்றோருக்காக ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே உருவாக்கியது. 1967-இல் ஒக்கயாமா நகரில் முதலில் பதித்தார்கள். செல்போனைப் பார்த்தபடி நடக்கும் உங்களையும் நடைமேடை விளிம்பில் அந்தப் புள்ளிகள் எச்சரிக்கின்றன.

ரூபாய் நோட்டிலும் இப்படி உண்டு. 100 ரூபாயில் தடவினால் தட்டுப்படும் முக்கோணம், 500-இல் வட்டம். ஆனால் நீளத்தில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146. அந்த 4 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டமான பஸ்ஸில் விரலால் கண்டுபிடிப்பது கஷ்டம். நல்ல எண்ணம் மட்டும் போதாது, அவசரத்திலும் அது கைகொடுக்க வேண்டும்.

சரி, நான் என்ன செய்யலாம்?

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இல்லாத பக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்துவாருங்கள். தேதி கடைசிவரை இருக்கும்.

உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் வேண்டாம். வடிவம் வேறாக இருந்தால் கை தானாகச் சரியானதை எடுக்கும்.

கடை நடத்துகிறீர்களா? எங்கெல்லாம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். "வரிசை இந்தப் பக்கம்" என்று எழுதியும் கூட்டம் அந்தப் பக்கமே நின்றால், எழுத்தைப் பெரிதாக்காதீர்கள். மேசையை நகர்த்துங்கள்.

மிக்ஸியோ வாஷிங் மெஷினோ வாங்கினால், அதைத் தினமும் கையாளப்போகிறவரை முதலில் இயக்கச் சொல்லுங்கள். அம்மாவோ வேலைக்கு வரும் அக்காவோ, யாராக இருந்தாலும் நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தயங்கினால் குறை அந்தப் பொருளில்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.