வீட்டின் பின்புறம்: சிமெண்டு கொட்டும் முன் ஒரு திட்டம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் வீட்டைச் செப்பனிடும் வேலைகள் தொடங்கிவிடும். முன்புறம் புதுச் சாயம் பூசப்படும். பின்புறத்தில் சிமெண்டுக் கலவை வந்து இறங்கும். இனிப் புல் வெட்ட வேண்டாம், சேறு இல்லை, பாம்புப் பயமும் இல்லை என்று குடும்பத்தினர் நிம்மதி அடைவார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால், அதன் விளைவுகளோடு அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும்.

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு லயத்தின் பின்புறம் என்பது கீரைப்பாத்தி, முருங்கை மரம், வாழை, கோழிக்கூடு எல்லாம் சேர்ந்த இடம். குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. அதாவது சுமார் 2,700 சதுர அடி. இன்று 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட ஒரு வரிசை வீட்டின் மொத்த நிலமே 1,400 சதுர அடிதான். அதில் பின்புறம் 10 அடி மிஞ்சினால் 200 சதுர அடி. இடம் சுருங்கியதால்தான் திட்டமிடுதல் இன்னும் முக்கியமாகிறது.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் கொட்டும் ஒரு கனமழையில் 50 மில்லிமீட்டர் பதிவானால், 200 சதுர அடிப் பின்புறத்தில் மட்டும் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. மண் இருந்தால் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், மீதி மெல்ல வடியும். முழுவதும் சிமெண்டு என்றால் அத்தனையும் சில நிமிடங்களில் கால்வாய்க்குப் போய்விடும்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகள் மூழ்கியதை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. பெருமழையும் கிள்ளான் ஆறும் தாழ்வான நிலமும் சேர்ந்து செய்தது அது. எவர் வீட்டுச் சிமெண்டுத் தரையையும் அதற்குக் குறை கூற முடியாது. ஆனால், ஒவ்வொரு வீடும் தன் மழைநீரை உடனுக்குடன் வெளியே தள்ளினால் தெருக் கால்வாய் விரைவில் நிரம்பும் என்பது கண்கூடு. விழுந்த இடத்திலேயே மழைநீரை முடிந்தவரை நிறுத்த வேண்டும் என்பதுதான் நீர்ப்பாசன வடிகால் துறை 2001 முதல் வலியுறுத்தி வரும் முறை.

ஆகவே, பாதி இடத்தையாவது மண்ணாக விட்டுவிடுவது நல்லது. நடக்கும் இடத்தில் தனித்தனிக் கற்பலகைகளை இடைவெளி விட்டுப் பதிக்கலாம். தரை, வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு போதும். தரையை மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் அண்டை வீட்டுக்குப் போய்விடும். பல நாள் பகை அப்படித்தான் தொடங்குகிறது.

மண்ணின் தன்மையும் முக்கியம். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது. சூளைக்கு ஏற்ற களிமண் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அத்தகைய இடத்தில் மக்கிய உரமும் மணலும் கலந்து, பாத்தியைச் சற்று உயர்த்திக் கட்ட வேண்டும். கிள்ளானில் பல இடங்களில் மென்மையான கடற்களிமண். நாளடைவில் தரை இறங்கி, ஒரே பாளமாக ஊற்றிய சிமெண்டு வெடித்துவிடும். தனிக் கற்பலகைகள் என்றால் எடுத்து மீண்டும் பதித்துக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லாரையும் கேட்டீர்களா?

குத்தகையாளர் வந்தால் பெரும்பாலும் குடும்பத் தலைவர் மட்டும் பேசி முடித்துவிடுகிறார். துணி காயப்போடும் மனைவியையும், காலையில் நாற்காலி போட்டு உட்காரும் பாட்டியையும், பந்து விளையாடும் பிள்ளைகளையும் யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டு ஒரு தாளில் அளவோடு வரைந்தால் பாதி வேலை முடிந்ததுபோல.

பிள்ளைகள் விளையாடும் இடம் சமையலறைச் சன்னலிலிருந்து தெரிய வேண்டும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் மீன்குளம் வேண்டாம். சில அங்குலத் தண்ணீர்கூட ஆபத்தானது. முதியவர்களுக்கு வழுக்காத தரை, படிக்கட்டில் கைப்பிடி, மூன்று அடி அகல நேரான பாதை ஆகியவை தேவை. இரண்டடி உயரப் பாத்தி அமைத்தால் தாத்தா பாட்டி குனியாமலே கீரை பறிக்கலாம். பொங்கல் பானை வைக்கவும், முறுக்குச் சுடவும் ஒரு சமமான மூலையை ஒதுக்கிவிட வேண்டும்.

கொசுவுக்கு இடம் கொடாதீர்கள்

2019இல் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டது. 182 பேர் உயிரிழந்தனர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். எனவேதான் வாரத்திற்குப் பத்து நிமிடமாவது வீட்டைச் சுற்றிப் பார்க்கும்படி சுகாதார அமைச்சு கேட்டுக்கொள்கிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய வாளி, கூரைத் தண்ணீர்க் குழாய், மேடு பள்ளமான சிமெண்டுத் தரை எல்லாம் கொசு வளரும் இடங்களே. முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். மழைநீர்த் தொட்டி வைத்தால் நெருக்கமான வலையால் மூட வேண்டும். பூச்சி ஒழிப்பு தொடர்பான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கொசு வளர இடம் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

எதை நடுவது?

கறிவேப்பிலை, பண்டான், செரை, கற்பூரவள்ளி, மிளகாய், கஸ்தூரி எலுமிச்சை ஆகியவை சிறிய இடத்திலும் நன்றாக வரும். முருங்கையின் கிளை காற்றில் எளிதில் முறியும். ஆதலால் அடிக்கடி வெட்டித் தாழ்வாகவே வளர்க்க வேண்டும். பலாவும் மாவும் வரிசை வீட்டுக்கு ஏற்றவை அல்ல. வேர் கால்வாயை உடைக்கும், கிளை அடுத்த வீட்டுக் கூரையில் விழும். அரளி பூசைக்கு உகந்த பூதான். ஆனால், அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நலம். அடுக்குமாடி வீட்டில் இருப்போர் நான்கைந்து தொட்டிகளை வைத்துக்கொள்ளலாம். நடைவழியை மட்டும் அடைக்கக் கூடாது.

அனுமதியும் செலவும்

செடி வைக்க அனுமதி வேண்டாம். ஆனால், கூரை போட்டாலோ சுவர் எழுப்பினாலோ, வீடு உள்ள இடத்திற்கேற்பக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமோ கிள்ளான் அரச மாநகர் மன்றத்திடமோ முன்கூட்டியே கேட்க வேண்டும். பின்சந்துக் கால்வாயை மூடுவது கூடாது. கைவசம் பணம் குறைவு என்றால் கட்டம் கட்டமாகச் செய்யலாம். முதலில் வடிகால், பிறகு பாதை, அதன்பின் பாத்தி. அலங்கார விளக்கும் ஊஞ்சலும் கடைசியில் வரட்டும்.

ஒரு கனமழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பின்புறம் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மறுநாள் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. பார்த்த பிறகு குத்தகையாளரை அழைத்தால் போதும். ஒருமுறை சிமெண்டு இறுகிவிட்டால் அதை உடைத்தெடுக்க மீண்டும் பணம் வேண்டும். விட்டுவைத்த மண்ணோ அடுத்த மாதமே ஒரு கைப்பிடிக் கீரையாவது தரும்.